பி2, தூண் நாற்பத்தேழு

ஞாயிறு, ஐந்தே கால்.
பெல்லந்தூர் இன்னும் ஹார்ன் அடிக்கத் தொடங்கவில்லை.
தூணடியில்
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறேன்.
தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால்
ஐந்நூறு ரூபாய் என்று
சங்கம் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறது,
என் வீட்டு எண்ணைப் போடாமல்,
எல்லாருக்கும் தெரியும்படி.

டேப்பெட் பார்க்க இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.
அதற்காக நேற்று
கொத்தமல்லிக்குக்கூட ஆட்டோவில் போய்வந்தேன்.

டேங்க்கைக் கழற்றி இடுப்போடு அணைத்துத் தூக்கினால்
உள்ளே பாதி பெட்ரோல் குலுங்குகிறது,
வேறு யாருடைய வயிறோ போல.
போல்ட்டுகள் இட்லித் தட்டில்.
முதல் குழி டேங்க்,
இரண்டாவது சீட்,
மூன்றாவது வால்வு மூடி.
நான்காவது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதவற்றுக்கு.

போன ஆகஸ்டில் கழுவித் துடைத்து
பளபளவென்றுதான் கொடுத்தார்கள்.
சக்லேஷ்பூர் இறக்கத்தில், மழையில்,
முன் பிரேக் ஒரு மாதிரி முனகியது.
ஓரம்கட்டி டார்ச் அடித்தேன்.
காலிப்பரைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டில்
ஒன்று இல்லை.
அதை முறுக்கியதற்கும் பில்லில் கூலி இருந்தது.

அன்றிலிருந்து முறுக்குவது நான்.
ஜே.சி. ரோட்டில் ஸ்பானர் செட் வாங்கும்போது
"யாருக்கு மேடம்?" என்றார் கடைக்காரர்.
"பைக்குக்கு" என்றேன்.

இங்கே விளக்குக்குக் கண் உண்டு.
இரண்டு நிமிடம் அசையாவிட்டால்
ஆளே இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும்.
அதனால் ஒரு கையில் ஸ்பானர்,
மற்றதால் அவ்வப்போது காற்றுக்கு டாட்டா.
வாட்ச்மேன் பிபுல் போரா கேமராவில் பார்த்துவிட்டு
ஒருமுறை ஓடியே வந்தார்,
யாரைக் கூப்பிடுகிறேன் என்று.

முந்நூற்று நான்கு ஷெட்டிகார்
விமானத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்.
"சர்வீஸ் சென்டர் இல்வா மேடம்?"
"இதெ சார்."
இருக்கிறது. அதுதான் விஷயமே.
அட்டையை ஒரு பார்வை பார்த்தார்.
சொட்டு இல்லை.

சின்ன ஜன்னலில் கோடு நேர்கொள்கிறது,
பிஸ்டன் உச்சியில்.
உள்ளிழுக்கும் வால்வுக்குப் புள்ளி பூஜ்யம் எட்டு.
வெளித்தள்ளுவதற்குப் புள்ளி இரண்டு.
மயிரிழை என்பார்களே,
நிஜமாகவே அவ்வளவுதான்.
சூடேறினால் இரும்பு நீளும்.
நீள இடம் இல்லையென்றால் வால்வு சரியாக மூடாது,
கொஞ்சம் கொஞ்சமாக எரியும்,
வெளியே சத்தமே வராது.
டிக் டிக்கென்று பேசுகிற இன்ஜினுக்கு ஆயுசு கெட்டி.
என்ன இது, அமைதியாகிவிட்டதே என்றால்தான்
பயப்பட வேண்டும்.

இதை வைத்துக் கல்யாணத்தைப் பற்றி
நாலு வரி எழுதலாம்.
எழுத மாட்டேன்.
புள்ளி பூஜ்யம் எட்டு என்றால்
புள்ளி பூஜ்யம் எட்டு.

ஃபீலர் கேஜின் மெல்லிய இலையை நுழைக்கிறேன்.
சிக்கக் கூடாது, வழுக்கவும் கூடாது,
உரசிக்கொண்டு வர வேண்டும்.
சரியாக இருக்கிறது.
லாக்நட்டை இறுக்கியதும் மாறிவிட்டது.
தளர்த்தி, திருப்பி, இறுக்கி,
மறுபடி மாறிவிட்டது.
மூன்றாவது தடவை அம்மாவுக்குத் தெரியாத வார்த்தை ஒன்று சொன்னேன்.
நான்காவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு
அசையாமல்

விளக்கு அணைந்தது.

கையை எடுத்தால் போச்சு.
இருட்டிலேயே இலையை இழுத்தேன்.
மடித்து அடுக்கிய துணிகளுக்கு நடுவிலிருந்து
ஒரு கைக்குட்டையை உருவுகிற மாதிரி வந்தது.
இத்தனை நேரமும் கண்
இடையில் புகுந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.
அங்கேயே இறுக்கினேன்.
டாட்டா காட்டவில்லை.
அடுத்த வால்வையும் இருட்டிலேயே முடித்தேன்.

ஏழு மணி. ஸ்டார்ட்டர்.
டிக் டிக் டிக்.
ஃபாக் லாம்ப் இரண்டும் இன்னும் பெட்டிக்குள்ளேதான்,
ரிலே வாங்கி ஒரு மாதமாகிறது.
அடுத்த ஞாயிறு.

நான்காவது குழியில் ஒரு வாஷர்.
ஓரத்தில் லேசாகத் துரு.
எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது,
இரண்டு முறை எண்ணிவிட்டேன்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
லிஃப்டில் ஆறை அமுக்கினேன்.
அறிவிப்பில் போடாத எண்
பொத்தானில் கறுப்பாகப் பதிந்திருந்தது.